பம்பை அடிக்காத சனிக்கிழமை

எங்கள் பண்ணையில் மதுமதிக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேர் வைத்தவன் நான்தான். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

என் பேர் தனபால். நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகிற ரோட்டில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்தால் பண்ணை. முட்டை லோடு ஏற்றி அனுப்புவது என் வேலை. பதினான்கு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். மதுமதி வந்து ஆறு வருஷம் ஆகிறது. வெண்ணந்தூர்க்காரி, விசைத்தறிக் குடும்பம். ராசிபுரத்தில் டிப்ளமோ படித்தாள். நாமக்கல்லில் ஒரு கடையில் சேர்ந்து ஊர் ஊராக ஏணி ஏறிக் கேமரா மாட்டினாள். பரமத்தி வேலூரில் வாழ்க்கைப்பட்டு, பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தாள். கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர் என்று எது மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவோம்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் பயம் இருக்கிறதே, அதைச் சகித்துக்கொள்ளத் தனிப் பொறுமை வேண்டும். ஆபீஸ் ரூமைப் பூட்டிவிட்டுப் பத்தடி போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஏறியபின் போன் செய்வாள். "அண்ணா, ஜெனரேட்டர் ரூம் சாத்தியிருக்குதுங்களா?" சாத்தியிருக்கிறது என்று சொன்னாலும் நம்பமாட்டாள், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்வாள். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமலே, "பார்த்துட்டேன் மது, பத்திரமா இருக்குது" என்பேன். இப்படி எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன், எதற்கு இத்தனை பயம் என்று. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். எட்டு வயதில் தறிக்கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது ஓடுகிற பெல்ட்டில் அவள் சடை சிக்கிக்கொண்டதாம். தலை மோட்டாரை நோக்கிப் போகிறது. அம்மா சாலம்மாள் கையில் நூல் வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. அடியோடு சேர்த்துச் சடையை வெட்டிவிட்டாள்.

"சுவிட்சு அந்தக் கோடியில இருந்துச்சுங்ணா. எங்கம்மா அதைப் பார்த்து ஓடியிருந்தா நான் இல்லீங்க."

ரசம் ஊற்றச் சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தாள். நான் பாதிச் சோற்றிலேயே கை கழுவப் போய்விட்டேன்.

அவள் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பண்ணையில் மூடின ஷெட் மூன்று. ஒவ்வொன்றிலும் நாற்பதாயிரம் கோழி. ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் தண்ணீர் ஒழுகுகிற ஈரத்திரை, மறுகோடியில் ஆள் உயர விசிறிகள். விசிறி காற்றை இழுக்கிறவரைக்கும் கோழிக்கு அது ஊட்டி மாதிரி. விசிறி நின்றால் மே மாதத்தில் இருபது நிமிஷம்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் ஷெட்டில் அப்படி நின்றது. யாருக்கும் தெரியவில்லை. பதினோராயிரம் கோழிகளை டிராக்டரில் அள்ளிக் குழியில் கொட்டினோம். மதுமதியும் கூட நின்று அள்ளினாள். அன்றைக்குப் பிறகு ஒரு மாதம் அவள் கோழிக்கறி இருக்கிற பந்தியில் உட்காரவில்லை.

அதன்பின் முதலாளி கந்தப்பன் அவள் கேட்டதை வாங்கிக் கொடுத்தார். காவல் மிஷின் என்று நாங்கள் சொல்வோம். ஆபீஸ் ரூமில் ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். மூன்று ஷெட்டின் சூடு, விசிறி, கதவு, டீசல் ரூம், கேட், இருபத்திரண்டு கேமரா எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது கோளாறு என்றால் ஆபீஸ் மாடியில் இருக்கிற சைரனை ஊதும், எங்கள் செல்போன்களுக்கு வரிசையாகக் கூப்பிடும். ஷெட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில். முதல் ஆள் ஷெட் மேஸ்திரி சின்னான். அடுத்து எலக்ட்ரீசியன் பூபதி. அடுத்து நான். வேலூரில் இருக்கிற மதுமதி கடைசி.

அந்த மிஷினுக்கு ஒரு தனிச் சத்தம் இருந்தது. வெண்ணந்தூர் மாரியம்மன் பண்டிகையில் அவள் பதிவு செய்த பம்பை அடி. மிஷினின் நம்பரை எல்லோருடைய போனிலும் அவளே போட்டு, அந்த நம்பர் கூப்பிட்டால் பம்பை அடிக்கிற மாதிரி செய்து கொடுத்தாள். சாமி வருகிற நேரத்தில் அடிப்பார்களே, அந்த அடி. லோடு மும்முரத்தில் அது அடித்தால் ட்ரேயைக் கீழே போட்டுவிட்டு ஓடுவேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எச்சில் கையோடு ஓடுவேன்.

இந்த வருஷம் சித்திரையில் பழைய மிஷின் உள்ளே கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது. டிஸ்க் போகப்போகிறது, புதுசு வாங்க வேண்டும் என்றாள். முதலாளியும் மறுக்கவில்லை. புதுப் பெட்டி வந்து இறங்கியது. அன்றிலிருந்து அவள் முகத்தில் ரத்தம் இல்லை. பழையதில் இருப்பதை எல்லாம் புதியதற்கு மாற்ற வேண்டும், மாற்றுகிற நேரத்தில் பண்ணைக்குக் கண் இருக்காது. அதுதான் அவள் பயம். ஒரு நீளமான நோட்டில் எழுத ஆரம்பித்தாள். எந்த ஷெட்டுக்கு எத்தனை டிகிரியில் கூப்பிட வேண்டும், எந்தக் கேமரா எந்த வயரில், யாரை எத்தனை தடவை கூப்பிட வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு வரி. "நோட்டை மாரியம்மன் கோயில் உண்டியல்ல போட்டுரு மது, அம்மா பார்த்துக்குவா" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு சிக்கல் வந்தன. சைரனின் வயர் சொருகுகிற வாய் பழைய பெட்டியில் இருந்தது, புதியதில் இல்லை. நடுவில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், அது திங்கட்கிழமைதான் வரும். இன்னொன்று சிம். பழைய சிம் முன்பு மேனேஜராக இருந்த குணசீலன் பேரில் இருந்தது. அவர் வேலையை விட்டு எங்கோ போய்விட்டார். அந்த சிம் புதுக் கருவியில் எடுக்கவில்லை, மாற்றித்தர அவரே வந்து கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். அதனால் புது சிம், புது நம்பர்.

சைரன் இல்லாமல் மாற்ற அவளுக்குத் துளியும் மனசில்லை. முதலாளியிடம் போய் நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

"திங்கக்கெழம வரைக்கும் பழசே ஓடட்டுங்க. கன்வெர்ட்டர் வந்துட்டா மாத்திப்போடலாங்க."

"ஏனம்மிணி, ஞாயித்துக்கெழம கத்திரி பொறக்குது. கத்திரிக்குள்ள நாங்க எதையும் புதுசா தொடங்க மாட்டோம்னு உனக்குத் தெரியாதா? அதை உட்டா இருவத்தஞ்சு நாள் கழிச்சுத்தான். அதுவரைக்கும் பழசு தாங்குமா, சொல்லு."

அவளால் தாங்கும் என்று சொல்ல முடியவில்லை. கத்திரி வெயிலில்தான் விசிறிக்கு உயிர் போகிற வேலை, அந்த நேரத்தில் பழைய மிஷின் படுத்துவிட்டால் அவ்வளவுதான்.

"ரெண்டு நாளைக்கு போனு மட்டும் போதாதா?" என்று முதலாளி கேட்டார்.

"போதுமுங்க" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் புது மிஷின் ஓடிவிட வேண்டும். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். கற்பூரத்தை மட்டும் வெளியே வாசலில் கொளுத்தச் சொல்லிவிட்டாள், புகை உள்ளே போய்விடுமாம். பழைய மிஷினை அணைத்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புதியது கண் விழிக்க ஆறு நிமிஷம் பிடித்தது. அந்த ஆறு நிமிஷமும் ஜன்னல் வழியாக மூன்று ஷெட்டையும் பார்த்தபடியே நின்றாள்.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சோதித்தாள். கடைசியில் போன். எங்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து நின்று, புது மிஷினிலிருந்து கூப்பிட வைத்தாள். என் போன் அடித்தது. எடுத்தேன். மூணாம் ஷெட் அது இது என்று ஒரு குரல் சொன்னது. ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்ன என்று நான் யோசிக்கவில்லை, கேரளா வண்டி காத்திருந்தது. புது நம்பரை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தாள், பதிவு செய்துகொள்ளச் சொல்லி. அதற்கு மேலேயும் கீழேயும் பூப்படத்தோடு காலை வணக்கம். "ஆச்சு மது, போட்டுக்கறேன்" என்றேன். போட்டுக்கொள்ளவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் டிக் அடித்துவிட்டாள். மிஷினுக்குள் இருந்தது ஒன்று விடாமல் வந்துவிட்டது. பம்பை மிஷினுக்குள் இல்லை, எங்கள் போனுக்குள் இருந்தது. அது அவளுக்கும் தோன்றவில்லை, எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். போன தீபாவளிக்கு சின்னானை பாங்கிலிருந்து பேசுவதாக ஒருத்தன் கூப்பிட்டு, அவன் போனஸ் முழுவதையும் உருவிவிட்டான். அதிலிருந்து மாதாமாதம் மதுமதி எங்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். "தெரியாத நம்பர்னா எடுக்காதீங்க, வெட்டி உட்ருங்க. மறுக்கா வந்தா பிளாக் பண்ணிப்போடுங்க." அவள் சொன்னதில் நாங்கள் மறு பேச்சில்லாமல் கேட்டது அது ஒன்றைத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை. முதலாளி அவளைப் பார்த்துவிட்டு, "அம்மிணி, நீ இப்படியே நின்னயின்னா மிஷினுக்கே பயம் வந்துரும். ஊட்டுக்குப் போய்த் தூங்கு" என்றார். அவளும் மூன்று நாளாகத் தூங்கவில்லை. போகிறபோது லோடு போடுகிற இடத்துக்கு வந்தாள்.

"அண்ணா, பார்த்துக்கங்க."

"போ மது. கோழி எங்கயும் ஓடிப்போயிராது."

ஒன்றரை மணிக்குக் கரண்டு போனது. உடனே ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது, அதன் இரைச்சலில் விசிறிச் சத்தம் தனியாகக் கேட்காது. நான் வண்டிக்கு மேல் நின்று ட்ரே வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். மத்தியான வேளையில் லோன் வேணுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும் என்று வெட்டிவிட்டேன். மூச்சு விடுவதற்குள் திரும்ப அடித்தது. வந்த கோபத்தில் வெட்டி, பிளாக் செய்து, சட்டைப்பையில் போட்டேன். இன்னும் நாற்பது ட்ரே அடுக்கினேன். 

மறுபடி அடித்தபோது மதுமதி பேர் வந்தது. அவள் குரல் அவள் குரலாகவே இல்லை.

"அண்ணா, மூணாம் ஷெட்டு. வெசிறி நின்னு எட்டு நிமிசம் ஆச்சு. ஓடுங்கண்ணா."

"ஜெனரேட்டரு ஓடுதே மது."

"ஜெனரேட்டரு ஓடுது, வெசிறி ஓடலீங்ணா. ஓடுங்க."

வண்டியிலிருந்து குதித்தேன். லோடு போடுகிற இடத்திலிருந்து மூன்றாம் ஷெட் முந்நூறு அடி தூரம் இருக்கும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஓடினேன். வழியில் மர நிழலில் சின்னான் சோற்றுப் போசியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான். நான் கத்தியதைக் கேட்டு அவனும் பின்னால் ஓடிவந்தான். ஷெட் கதவைத் திறந்ததும் சூடு மூஞ்சியில் அறைந்தது. அதைவிடப் பயமாக இருந்தது சத்தமே இல்லாததுதான். எப்போதும் காது கிழிகிற மாதிரி கொக்கரிக்கிற நாற்பதாயிரம் கோழியும் வாயைத் திறந்து, இறக்கையைத் தூக்கி, மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தன. பெரிய அண்டாவில் உலை கொதிப்பதற்கு முன்னால் ஒரு இரைச்சல் வருமே, அப்படி.

சுவிட்ச் போர்டு மறுகோடியில். நானூறு அடி நீளம். நான் அதை நோக்கி ஓட ஆரம்பித்தேன்.

"அண்ணா, எங்க ஓடறீங்க?" போனில் அவள்.

"போர்டுக்கு."

"போர்டுக்கு ஓடாதீங்க. போனாலும் எந்த பிரேக்கர் விழுந்திருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. பக்கத்துப் படுதாவ எறக்குங்க."

ஷெட்டின் இரண்டு பக்கமும் ஆபத்துக்கென்று படுதா உண்டு, கயிற்றில் இழுத்து மேலே நிறுத்தியிருக்கும், இறக்கினால் பக்கம் திறந்துகொள்ளும். சின்னான் கைப்பிடியைச் சுற்றினான். துரு ஏறி இறுகிப் போயிருந்தது. ஒரு சுற்றுக்குமேல் நகரவில்லை.

"மது, சுத்த மாட்டேங்குது."

"கையில கத்தி இருக்குதுங்களா?"

ட்ரே கட்டுகிற சணலை அறுக்க இடுப்பில் எப்போதும் ஒன்று வைத்திருப்பேன்.

"கயித்தை அறுங்கண்ணா. புதுசு வாங்கிக்கலாம், அறுங்க."

அறுத்தேன். படுதா மடமடவென்று ஷெட் நீளத்துக்கும் சரிந்து விழுந்தது. வெயிலும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. மறுபக்கத்துக் கயிற்றையும் அறுத்தேன். உள்ளங்கை கிழிந்ததுகூடத் தெரியவில்லை. அதற்குள் எங்கள் கூச்சலைக் கேட்டுப் பூபதி தலையில் சோப்பு நுரையோடு ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான், குளிக்கப் போயிருந்தானாம். அவன் விழுந்துகிடந்த பிரேக்கரை ஏற்றினான். விசிறி ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தது. நான் எருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அறுநூற்றுச் சொச்சம் கோழி போய்விட்டது, மேலடுக்கில் இருந்தவை. மற்றதெல்லாம் பிழைத்தன.

மதுமதி பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, எதிரே வந்த தீவன வண்டியைக் கையைக் காட்டி நிறுத்தி, அதில் வந்து சேர்ந்தாள். முதலில் ஷெட்டுக்குள் போய் முழு நீளமும் நடந்து பார்த்தாள். பிறகு ஆபீஸ் ரூமுக்குப் போய் ஒரு தாள் எடுத்துக்கொண்டு வந்தாள். மிஷின் யாரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டது, அவர்கள் என்ன செய்தார்கள் என்று அதில் வரிவரியாக இருக்கும். எனக்கு அது தெரியும்.

முதலாளி வந்துவிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் பயம்.

"என்னம்மிணி, உன்ற மிஷின் கூப்பிடலையா?"

"கூப்பிட்டுச்சுங்க."

"யாரைக் கூப்பிட்டுச்சு?"

அவள் தாளைப் பார்த்தாள். நான் அவள் வாயைப் பார்த்தேன். என் பேர் வருகிறது, இப்போது வருகிறது என்று காத்திருந்தேன். பக்கத்தில் சின்னான் தரையைப் பார்த்து நின்றான். பூபதி துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தான், அதில் பிழிவதற்குத் தண்ணீர் இல்லை.

"நம்பர் மாறிப்போச்சுங்க. இவங்க போன்ல பம்பையை மாத்திப்போடோணும்னு எனக்குத் தோணலீங்க. தெரியாத நம்பர எடுக்காதீங்கன்னு நாந்தானுங்க சொல்லிக்கொடுத்தேன். என்ற தப்புங்க."

"இருநூறு வரி எழுதினயே அம்மிணி" என்றார் முதலாளி. அவ்வளவுதான் சொன்னார். அவள் தலை குனிந்தது. ஆறு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

அழுது முடித்ததும் அவள் எல்லோர் போனையும் வாங்கினாள். ஒவ்வொன்றிலும் புது நம்பரைப் போட்டு, பம்பையைச் சேர்த்தாள். பிறகு எல்லோரையும் ஆபீஸ் வாசலில் நிற்க வைத்து மிஷினிலிருந்து வரிசையாகக் கூப்பிட்டாள். சின்னான் கையில் பம்பை அடித்தது. பூபதி கையில் அடித்தது. அடுத்தது நான்.

என் போன் அடிக்கவில்லை.

அவள் உள்ளே போய் மறுபடி கூப்பிட வைத்தாள். அடிக்கவில்லை. முதலாளி, சின்னான், பூபதி, எல்லோரும் என் கையையே பார்த்தார்கள்.  பேர் போட்டாலும் பிளாக் செய்த நம்பர் பிளாக்காகவே இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மதுமதி வாசலுக்கு வந்தாள். என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணனுக்கு டவர் இல்லீங்க போல" என்றாள் முதலாளியிடம்.

பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள். நான் போய்ப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னதை ஆறு வருஷம் நம்பினவள். அவள் எனக்காகப் பொய் சொன்னதைக் கேட்டதும் என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை.

"டவர் இருக்குதுங்க" என்றேன். "ரெண்டு தடவை வந்துச்சுங்க. வெட்டி உட்டுட்டு, பிளாக் பண்ணிப்போட்டேன். அதுக்கப்புறம் நாப்பது ட்ரே அடுக்கினேனுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு ஷெட் பக்கம் நடந்துவிட்டார். அவர் ஏதாவது திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. மதுமதி என் கையிலிருந்து போனை வாங்கி, பிளாக்கை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி கூப்பிட்டாள். பம்பை அடித்தது. கடைசி வரைக்கும் அடிக்க விட்டேன்.

அவள் நோட்டில் இப்போது இருநூற்றுப் பதின்மூன்றாவது வரி ஒன்று இருக்கிறது: ஆட்களின் போன். அதன்கீழ் எங்கள் பேர்கள், என் பேர்தான் முதலில். வெள்ளிக்கிழமை தவறாமல் பத்து மணிக்கு மிஷின் எல்லோரையும் கூப்பிட்டுச் சோதிக்கும். வெறும் சோதனைதான், பயப்பட ஒன்றுமில்லை, எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வாரமும் அந்த முதல் அடி விழுந்ததும் கை ட்ரேயைக் கீழே வைத்துவிடுகிறது. கண் மூன்றாம் ஷெட்டுக்குப் போய்விடுகிறது.

போன வாரம் அவளிடமே சொன்னேன். "மது, அந்தச் சத்தத்த மாத்திப்போடு. கேட்டா வயித்தக் கலக்குது."

அவள் நோட்டில் என் பேருக்கு நேரே டிக் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கலங்கட்டுங்ணா" என்றாள். "கலங்குனாத்தான் ஓடுவீங்க."